மஞ்சப்பைக்குள் வந்த தக்காளி

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அண்ணனுக்கு ஒரு ஏக்கரில் தக்காளி நிற்கிறது. கிளம்பும்போது அம்மா என் மஞ்சப்பையை வாங்கி, கழுத்து வரைக்கும் பழத்தை நிரப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது ஓர் எண்ணம் வந்தது. 2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து, மஞ்சப்பை இல்லாமல் நான் கடைக்குப் போவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால், இந்தத் தக்காளி விளைந்ததே பிளாஸ்டிக் மேலேதானே!

கிராமத்துப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். வயலில் நீள நீளமாக வெள்ளி நிறத்தில் விரிப்பு பளபளக்கும். மேலே சில்வர், அடியில் கறுப்பு. ‘மல்ச்சிங் ஷீட்’ என்பார்கள். ‘நிலப்போர்வை’ என்றும் ஒரு பெயர் உண்டு. பாத்தி மேல் அதை இழுத்து மூடி, ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு நாற்று நடுவார்கள். அடியில் இருக்கும் கறுப்பு வெளிச்சத்தை விடாது. களை முளைத்தாலும் வெளிச்சம் இல்லாமல் வெளுத்துச் செத்துவிடும். மேலே உள்ள வெள்ளி நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் மண் அதிகம் சூடாகாது. அசுவினி, இலைப்பேன் தொல்லையும் கொஞ்சம் குறையும். தண்ணீரும் சீக்கிரம் ஆவியாகாது.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. காரணம், அம்மாவின் முழங்கால்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து களைக்கொத்தோடு குந்தி உட்கார்ந்தவர் அவர். தக்காளிக்கு இரண்டு களை, மழை வருஷம் என்றால் மூன்று. சாரணையும் அருகும் கோரையும் இவர் எழுந்து வீட்டுக்குப் போவதற்குள் பின்னாலேயே முளைத்து வரும். கடைசியில் டாக்டர், ‘இனிமேல் குந்தவே கூடாது’ என்று சொல்லிவிட்டார். களைக்கு ஆளும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அண்ணன் முதன்முதலாக ஷீட் போட்டார். அந்த வருஷம் அம்மா ஒருநாள்கூடக் களைக்கு உட்காரவில்லை. வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

இரண்டாவது வருஷம்தான் தப்பு நடந்தது. விலை குறைவு என்று அண்ணன் மெல்லிசு ஷீட் வாங்கிவிட்டார். காய் பறித்து முடிப்பதற்குள் அது வெயிலில் நைந்து, தொட்டால் கிழிகிற நிலைக்கு வந்துவிட்டது. உருவி எடுக்க ஆள் இல்லை. அடுத்த வெள்ளாமைக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், வந்ததை எடுத்துவிட்டு மீதியோடு ரோட்டவேட்டரை விட்டு ஓட்டிவிட்டார்கள்.

இன்றைக்கும் மழை பெய்து ஓய்ந்தால் அந்த வயலில் மினுமினு என்று ஏதோ மின்னும். நகத்தளவு, விரலளவு துண்டுகள். அம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டே இருக்கிறார். “விடும்மா, எத்தனையைத்தான் பொறுக்குவே?” என்றேன்.

“களையாச்சும் மாட்டுக்குப் போட்டேன் கண்ணு. இதை எதுக்குப் போடறது?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

வந்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரோல் 400 மீட்டர் நீளம், நாலடி அகலம். ஆறடிக்கு ஒரு பாத்தி என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஆறு ரோல் வேண்டும். 25 மைக்ரான் தடிமனில் ஒரு ரோல் சுமார் 11 கிலோ வரும். ஆக, ஏக்கருக்கு 60 கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக்! மெல்லிய கேரி பேக் ஒன்று ஐந்து கிராம் என்று வைத்தால், 12,000 பைகளுக்குச் சமம். நான் மஞ்சப்பை தூக்கி ஆயுசு முழுக்க மிச்சம் பிடிப்பதை, ஒரு ஏக்கர் தக்காளி ஒரே பட்டத்தில் சாப்பிட்டுவிடும்போல!

உலகம் முழுக்க இதே கதைதான். விவசாயத்திலும் கால்நடை வளர்ப்பிலும் வருஷத்துக்குச் சுமார் ஒன்றேகால் கோடி டன் பிளாஸ்டிக் பொருள்கள் புழங்குவதாக, ஐ.நா.வின் உணவு மற்றும் விவசாய அமைப்பு 2021-ல் சொன்னது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் பருத்திக்கு ரொம்ப மெல்லிசான ஷீட்டைப் பல வருஷம் போட்டுப் போட்டு, மண்ணில் துண்டுகள் சேர்ந்துவிட்டன. ‘வெள்ளை மாசு’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மெல்லிசாக இருந்தால் திரும்ப எடுக்க முடியாது என்பதால், 2018-லிருந்து குறைந்தபட்சத் தடிமனை அங்கே கூட்டியிருக்கிறார்கள். எங்கள் அண்ணன் ஒரே வருஷத்தில் கற்ற பாடமும் அதுதான்.

அதனால், ஷீட் போடப்போகிறவர்களுக்கு எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து சில விஷயங்கள்.

தடிமனில் மிச்சம் பிடிக்காதீர்கள். காய்கறிக்கு 25 மைக்ரானுக்குக் குறையாமல் வாங்குங்கள். 30 என்றால், அதே ஷீட்டில் இரண்டாவது பயிரும் எடுக்கலாம். தோட்டக்கலைத் துறையில் இதற்கு மானியம் உண்டு. வாங்கிவிட்டுப் போய்க் கேட்காமல், வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.

தொழுவுரத்தை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். மூடிய பிறகு வழியில்லை. சொட்டுநீர்க் குழாயையும் அடியில் போட்டு, தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். காற்று அடிக்கிற நாளில் விரிக்க வேண்டாம். சுருக்கம் இல்லாமல் இழுத்து, இரண்டு ஓரத்தையும் நாலு அங்குலமாவது மண்ணுக்குள் புதையுங்கள். நாற்றைச் சாயங்காலம் நடுவது நல்லது. தண்டு ஷீட்டில் உரசினால் வெயிலில் வெந்துவிடும்.

கோரை இருக்கிற நிலமா? அப்படியானால் ஷீட்டை மட்டும் நம்பாதீர்கள். அதன் முளை ஊசி மாதிரி. பிளாஸ்டிக்கையே குத்திக்கொண்டு வெளியே வரும். கோடை உழவு ஓட்டி, கிழங்கைப் பொறுக்கிக் காயவைத்த பிறகு ஷீட் போட்டால் பாதித் தொல்லை குறையும்.

முக்கியமானது கடைசி வேலை. செடியை அடியோடு அறுத்து, சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி, ஓரத்து மண்ணைக் கொத்திவிட்டு ஷீட்டை உருவுங்கள். நிலம் லேசான ஈரத்தில் இருந்தால் கிழியாமல் வரும். மண்ணை உதறிக் காயவைத்துக் கட்டினால்தான் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் திரும்பிப் பார்ப்பார். வரப்பில் போட்டுக் கொளுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகை முதலில் நம் வீட்டுக் குழந்தைகள் மூக்குக்குத்தான் வரும். ஆள் கூலியைக் கணக்குப் போடும்போது, எடுக்கிற கூலியையும் சேர்த்தே போடுங்கள்.

‘இது மக்குற ஷீட்’ என்று யாராவது விற்க வந்தால், மண்ணில் எத்தனை மாதத்தில் மக்கும், அதற்கு என்ன சான்று என்று கேளுங்கள். சில ஷீட் நொறுங்கித் தூளாகும், அவ்வளவுதான். தூளாவது வேறு, மக்குவது வேறு.

மாடித்தோட்டமும் கொல்லையில் நாலு பாத்தியும் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஷீட்டே தேவையில்லை. காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, தேங்காய் மட்டை என்று எது கிடைத்தாலும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். களையும் அடங்கும், அது மக்கி மண்ணுக்கே உரமும் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். களையெடுத்துவிட்டு வரும்போது அம்மாவின் மடியில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் இருக்கும். ராத்திரிக்குக் கடைந்து, களியோடு போடுவார். ஷீட் வந்த பிறகு அந்தக் கீரை வீட்டுக்கு வரவில்லை. அம்மாவோடு களைக்கு வந்துகொண்டிருந்த பெண்களுக்கு அந்தக் கூலியும் இல்லை. ஒரு வசதி வந்தால் சத்தமில்லாமல் வேறொன்று போய்விடுகிறது. அதற்காக அம்மாவை மறுபடியும் குந்தச் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால், போனது என்ன என்றாவது தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் அண்ணன் போட்டிருப்பது 30 மைக்ரான். தக்காளி முடிந்ததும் அதே ஓட்டையில் வெள்ளரி போடப் போகிறாராம். விரித்த அன்றைக்கே அம்மா எண்ணி வைத்துக்கொண்டார்.

“ஆறு ரோல் போட்டிருக்கே. எடுக்கும்போது ஆறு சுருள் என் கண்ணுல காட்டணும். அதுக்கப்புறம்தான் வயலுக்குள்ள டிராக்டர்!”

அண்ணன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் வயலிலும் களையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள், அடுத்த வாரம் பேசுவோம்.