மீள்குடியேற்றமும் குழந்தையின் முதல் வீடும்

கனகராயன் ஆற்றை மறித்தெழுந்த இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி வாழ்ந்து, யுத்தத்தால் இடம்பெயர்ந்து, செட்டிகுளத்து மனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்து, பின்னர் சொந்தக் காணிக்கு மீண்ட பெற்றோருக்கு அப்பயணம் மீள்குடியேற்றமே. ஆனால் தறப்பாள் கூடாரத்திலேயே தவழப் பழகிய குழந்தைக்கு அது தன் முதல் வீட்டைப் பிரிந்த துயரம் என்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்தோம்?

2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. இறுதியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்களோ தம் காணிக்கன்றி வேறிடத்துக்கே கொண்டுசெல்லப்பட்டனர். இந்திய உதவியாக 50,000 வீடுகள் என்னும் திட்டமும் வந்தது. சுவரும் கூரையும் கணக்கிடப்பட்டன.

குழந்தையின் கணக்கு வேறு. அடுத்த கூடாரத்துப் பிள்ளையின் சிநேகத்தையும், உறங்கும்வரை செவியில் விழுந்த அயலாரின் பேச்சொலியையும் ஒரே நாளில் இழந்து, பற்றை மண்டிய வளவின் இருளைக் கண்டு அது அழுதால், பிடிவாதமென்று அதட்டுவது அநியாயம்.

காணி விடுவிப்புக்காகக் காத்திருப்போர் வன்னியில் இன்றும் உளர். அவர்கள் குடியேறும் நாளில், கிணறும் மின்சாரமும் கேட்கும் அதே உரிமையோடு, நடைதூரத்தில் ஒரு முன்பள்ளியையும் பழகிய அயலவரின் அருகாமையையும் அதிகாரிகளிடம் கேட்டுப் பெறுவார்களாக.