காற்று வீசும் குளிர் நாட்டில் வீடு

குளிர் நாட்டில் வீடு கட்டுவோர் முதற்கண் வினவுவது, ‘எத்துணைப் பெரிய கணப்பு வைப்போம்?’ என்பதே. அவ்வினாவே பிழையென்பது எமது துணிபு. ‘உள்ள வெப்பம் எவ்வழியே வெளியேறுகின்றது?’ என்றன்றோ முன்னர் வினவுதல் வேண்டும்? ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பவனுக்கு வேண்டுவது பெரிய செம்பு அன்று. ஓட்டையை அடைக்கும் அரக்கே.

கனடா தேசத்து ரெஜைனா நகரம் பரந்த புல்வெளியில் அமைந்தது. பனிக்காலத்தில் ஆண்டுக் குளிர் சூனியத்துக்குக் கீழ் 30 பாகை செல்சியஸையும் கடப்பதுண்டு. தடையின்றி வீசும் காற்றோ வீட்டின் ஒரு புறத்தை அழுத்தி, மறுபுறத்தை உறிஞ்சி, இடுக்குதோறும் குளிரைப் புகுத்தும். இந்நகரில் 1977-ஆம் ஆண்டில் ஹரால்ட் ஆர் முதலிய பொறியியலறிஞர் ஒரு வீடு சமைத்தனர். ஏறக்குறைய ஓரடிக் கனமுள்ள சுவர்களினுள் வெப்பங்கடத்தாப் பொருளை நிரப்பினர். கூரைக்கு அதனினும் மிகுதியாக இட்டனர். பாலிதீன் தாள் போர்த்து இடுக்குகளை அடைத்தனர். பனிக்காலத்துச் சாய்ந்த வெயில் புகுமாறு சாளரங்களைத் தெற்கு நோக்கி அமைத்தனர். வழக்கமான உலை அவ்வீட்டில் இல்லை.

நிற்க. ‘இங்ஙனம் அடைத்த வீட்டில் மூச்சு முட்டாதோ?’ என்பார் உளர். அவ்வையம் நியாயமானதே. அதன்பொருட்டே வெளியேறும் பழங்காற்றின் வெப்பத்தை உட்புகும் புதுக்காற்றுக்கு ஈயும் கருவியொன்று ஆண்டு வைக்கப்பட்டது. இரு காற்றும் கலவா. வெப்பம் மட்டுமே கைமாறும். இடுக்கின் வழியே காற்றுத் தன் விருப்பப்படி வரும். இக்கருவியின் வழியே நம் விருப்பப்படி வரும்.

அவ்வீட்டில் சூரிய வெப்பம் கொள்ளும் பொறியும் இருந்தது. பெருஞ்செலவில் அமைந்த அப்பொறி காண்போர் கண்ணைக் கவர்ந்தது; ஆயினும் வீட்டை உண்மையிற் காத்தவை கண்ணுக்குப் புலனாகாத சுவரடைப்பும் இடுக்கடைப்புமே. இவ்வுண்மை வீண்போகவில்லை. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் வுல்ஃப்காங் ஃபைஸ்ட் முதலியோர் அமைத்த முதல் ‘பாஸிவ் ஹவுஸ்’ இவ்வழியையே மேலும் செம்மைப்படுத்திற்று. சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 15 கிலோவாட் மணிக்கு மேற்படாத வெப்பமே போதும் என்னும் அளவை அதன்பின் எழுந்தது.

ஆதலின், அரசினர் பொருளுதவி செய்யுங்கால் கூரைமேல் மின்னும் பொறிக்கு முன்னர்ச் சுவருக்கும் சாளரத்துக்கும் அளித்தல் வேண்டும். கட்டி முடித்த வீட்டை விசிறி வைத்துக் காற்றொழுக்குச் சோதியாது குடிபுகவிடுதல் தகாது. விறகும் எண்ணெயும் வாங்கப் பொருளுடையான் ஒழுகும் வீட்டிலும் குளிர்காய்வான்; இல்லான் யாது செய்வான்? அவனுக்கு நல்ல சுவரே நாடோறும் எரியும் கணப்பு.