பிள்ளையின் முகத்துக்கும் மேஸ்திரியா?

வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைக் காமிரா பார்க்குமாம். அவன் சந்தோஷமாக இருக்கிறானா, கோபமாக இருக்கிறானா, பாடத்தில் மனம் இருக்கிறதா இல்லையா என்று கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொல்லுமாம். அந்தத் தீர்ப்பு கணக்கில் ஏறி வாத்தியாரிடம் போகுமாம்!

கட்டுக்கதை அல்ல, தோழர்களே. நடந்த சங்கதி. 2018-ம் ஆண்டில் சீனத்தின் ஹாங்சோ நகரில், 11-ம் எண் பள்ளியில், கரும்பலகைக்கு மேலே இப்படிக் காமிராக்களை மாட்டினார்கள். ஹிக்விஷன் என்ற பெரிய காமிராக் கம்பெனியின் சரக்கு. 30 விநாடிக்கு ஒரு தடவை அது வகுப்பு முழுவதையும் துழாவும். எழுதுகிறானா, கை தூக்குகிறானா, மேஜையில் சாய்கிறானா என்று குறித்துக்கொள்ளும். அத்தோடு விட்டதா? ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு முத்திரை குத்தும். மகிழ்ச்சி, சோகம், ஏமாற்றம், கோபம், பயம், வியப்பு, இதில் எதுவும் இல்லாத சாதாரண முகம் என்று ஏழு முத்திரைகள். 40 நிமிடப் பாடவேளை என்றால் ஒரு பிள்ளைக்கு 80 தடவை! மில்லில் நம்மைச் சுற்றிச் சுற்றி வரும் மேஸ்திரிகூட இத்தனை தடவை எட்டிப் பார்ப்பதில்லை.

"சீனத்திலா?" என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். ஆம், சீனத்தில்தான். எந்தக் கொடி பறக்கும் நாட்டில் நடந்தாலும் தப்பு தப்புதான். ஆனால் சீனத்தைக் காட்டிக் கைகொட்டும் கனவான்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். 2019-ல் அதே நாட்டில், ஜின்ஹுவா என்ற ஊரில், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் தலையில் ஒரு பட்டை மாட்டினார்கள். மூளையில் ஓடும் மின்துடிப்பை அளந்து, கவனம் இருந்தால் நெற்றியில் சிவப்பு விளக்கு, சிதறினால் நீல விளக்கு எரியும். அந்தப் பட்டையைச் செய்த கம்பெனி எங்கே முளைத்தது? அமெரிக்காவில், ஹார்வர்டு சர்வகலாசாலையின் நிழலில்! பெற்றோர்கள் கொதித்தெழுந்ததும் உள்ளூர்க் கல்வி அதிகாரிகள் அதை நிறுத்தினார்கள். 2022-ல் அமெரிக்காவின் இன்டெல் கம்பெனியே, வீடியோ வகுப்பில் மாணவனுக்குச் சலிப்பா, குழப்பமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும் ஏற்பாட்டைச் சோதித்துக்கொண்டிருந்தது. சரக்கு ஒன்றுதான், கடைகள்தான் வேறு வேறு.

அந்த ஏழு முத்திரைகளை மறுபடியும் படியுங்கள். அதில் பசி எங்கே?

விடியுமுன் தாய் நடவுக்குப் போய்விட்டாள். மூத்த பெண் தம்பிக்குக் கஞ்சி ஊற்றி, தண்ணீர் பிடித்து வைத்து, ஓடிவந்து வகுப்பில் உட்காருகிறாள். பத்து மணிக்குக் கண் சொருகுகிறது. அப்பனுக்கு நைட் ஷிப்ட். ஒரே அறை வீடு. ராத்திரி தூக்கம் கெட்ட பையன் இன்னொரு பெஞ்சில் இருக்கிறான். நல்ல வாத்தியார் என்ன செய்வார்? பக்கத்தில் போய், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். காமிரா கேட்குமா? "கவனமில்லை" என்று பதிந்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போகும். வீட்டின் வறுமை பிள்ளையின் குற்றமாகக் கணக்கில் ஏறும். (தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்ததே, பிள்ளைகளின் முகத்தில் காமிராவைத் திருப்பியா பசியைக் கண்டுபிடித்தார்கள்?)

சரி, அந்த ஏழையாவது சரியாகச் சொல்லுமா என்றால் அதுவும் புரட்டு. 2019-ல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் நான்கு சகாக்களும், இதுபற்றி நடந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசி எடுத்தார்கள். கோபம் வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பது நூற்றுக்கு முப்பது தடவைகூட இல்லையாம். கோபமே இல்லாமலும் மனிதன் முகம் சுளிக்கிறான். வயிறு வலித்தால் சுளிக்கிறான். கடினமான கணக்கைக் கருத்தாகப் போடும் பையனும் புருவத்தை நெரிக்கிறான். அவனுக்குக் "கோபம்" என்று முத்திரை! 2018-ல் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் படங்களைக் கொடுத்து இத்தகைய யந்திரங்களைச் சோதித்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. வெள்ளைக்காரர் முகத்தைவிடக் கறுப்பர் முகத்தில்தான் கோபமும் வெறுப்பும் கூடுதலாக இருப்பதாக அவை சொல்லின. கம்ப்யூட்டருக்கும் நிறவெறியைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்! 2022 ஜூனில் மைக்ரோசாப்ட் கம்பெனி, முகத்தைப் பார்த்து உணர்ச்சி சொல்லும் தன் சரக்கை வாபஸ் வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. விற்றவனே கையை உதறிய பண்டம் இது.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாமே சொல்கிறோமே?" என்று ஒரு மேதாவி கிளம்புவார். தெரியும் ஐயா, பெற்றவளுக்குத் தெரியும். கூட வேலை செய்கிறவனுக்குத் தெரியும். பழகிய முகத்தில் பழகிய கண்ணுக்குத் தெரியும். காசுக்கு வாங்கிச் சுவரில் மாட்டிய கண்ணாடிக்குத் தெரியாது.

நாளைக்கு யந்திரம் துல்லியமாகிவிட்டால் சரியா? அப்போதுதான் ஆபத்து அதிகம். தஞ்சைச் சீமையில் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த நாட்களை வயதானவர்களிடம் கேளுங்கள். பண்ணையாள் வேலையில் குறை வைக்கவில்லை. கார்வாரி முன்னால் முறைத்துப் பார்த்தான் என்பதே குற்றம். கையையும் காலையும் வாங்கியவனுக்கு முகமும் வேண்டியிருந்தது. செங்கொடி பிடித்து அந்த முகத்தை நிமிர்த்தினோம். இன்று அதே கார்வாரி கண்ணாடிக் கண்ணோடு பிள்ளையின் வகுப்பில் வந்து நிற்கிறான். பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? பாடத்தை அல்ல, காமிராவுக்குப் பிடித்த முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். ஹாங்சோ மாணவர்களே, காமிரா வந்தபின் மனத்தை அலையவிடவே துணிவதில்லை என்று பத்திரிகைகளிடம் சொன்னார்கள். அந்தப் பழக்கம் யாருக்கு உபயோகம்? 2021-ல் கேனன் கம்பெனியின் சீனக் கிளை ஒன்றில், சிரித்த முகத்தோடு நின்றால்தான் கதவைத் திறக்கும் காமிரா வைத்ததாகச் செய்தி வந்தது. பள்ளியில் பழக்கி அனுப்பினால் அங்கே சௌகரியம்!

வாத்தியாரையும் இது விடப்போவதில்லை. வகுப்பில் பாதி முகம் "சலிப்பு" என்று பதிவானால் பழி யார் தலையில் விழும்? ஐம்பது பிள்ளைகளை ஒருவரிடம் அடைத்த நிர்வாகத்தின் தலையிலா விழும்?

ஐரோப்பிய யூனியன் 2024-ல் ஒரு சட்டம் செய்து, 2025 பிப்ரவரி 2 முதல் முகத்தையும் உடலையும் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் யந்திரங்களைத் தடுத்தது. எங்கே தடுத்தது தெரியுமா? வேலைத்தலத்திலும் கல்வி நிலையத்திலும். இரண்டும் ஒரே ஷரத்தில்! முதலாளிகளின் சட்டசபைக்கே தெரிந்துவிட்டது, இரண்டு இடத்திலும் "வேண்டாம்" என்று சொல்லும் பலம் கீழே இருப்பவனுக்கு இல்லை என்று. ஆனாலும் வைத்தியத்துக்கும் பாதுகாப்புக்கும் என்றால் அனுமதி உண்டு. அந்தச் சந்தில் யானையையே ஓட்டிவிடுவார்கள்.

நம் நாட்டுக் கதை இன்னும் விசேஷம். 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளைப் பின்தொடர்வதும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது என்கிறது. நல்லது! பிறகு 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் விதிகளை வெளியிட்டது. கல்விப் பணிக்காகவோ பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவோ என்றால் பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு! குழந்தை பகலெல்லாம் இருக்கும் இடத்துக்கே விலக்குக் கொடுத்தால், தடை யாரைத் தடுக்கும்? கோழிக்கூண்டைப் பூட்டிச் சாவியை நரியிடம் கொடுத்த கதை.

இந்த விலக்கை ரத்து செய்யவேண்டும். வகுப்பறையில் முகத்தையும் மூளையையும் அளக்கும் யந்திரம் எந்தப் பெயரில் வந்தாலும் கூடாது என்று சட்டம் வரவேண்டும். அதுவரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் நிர்வாகக் குழு இருக்கவேண்டும். அதில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர்கள். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போங்கள். காமிரா வந்திருக்கிறதா என்று கேளுங்கள். எதைப் பார்க்கிறது, பதிவு எந்தக் கம்பெனிக்குப் போகிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். "பாதுகாப்புக்குத்தான்" என்று வாய்ப்பேச்சில் பதில் சொன்னால், அதையும் எழுதி, தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு வாங்கி வாருங்கள்.