கொட்டாங்கச்சியில் ஒரு தர்மம்

மணலியில் பிறந்து வளரும் பிள்ளைக்கு வானம் எவ்வாறு அறிமுகமாகின்றது? புகைபோக்கியின் உச்சியில் எரியும் சுடராகவும், காற்று திசை மாறும் வேளையில் மூக்கை அரிக்கும் நெடியாகவும் அறிமுகமாகின்றது. 1969 ஆம் ஆண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இங்கே இயங்கத் தொடங்கிய பின்னர் உரம், வேதிப்பொருள் என ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அதை மறப்பது நன்றியாகாது. ஆயினும், 2009 ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளை வரிசைப்படுத்தியபோது அவ்வரிசையில் மணலியும் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியபோது, சிறகெல்லாம் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களை நாடே கண்டு வருந்தியது.

இத்தகைய ஊரில் வாழும் பெற்றோர், இறைவனின் படைப்பிடம் இரக்கம் காட்டும்படி தம் மக்களுக்கு எவ்வாறு கற்பிப்பது? ஆலைகளைத் திருத்துவது ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. ஆனால் ஒரு கொட்டாங்கச்சியும் ஒரு பிடி கம்பும் எந்த ஏழை வீட்டிலும் உண்டு. சிறு பிள்ளைகளோடு அமர்ந்து, பறவைக்குத் தீனித் தட்டு ஒன்றைச் செய்து தொங்கவிடுவதை விடுமுறைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாகாது. அது நம் இல்லத்து மதரஸாவின் முதற்பாடங்களுள் ஒன்று என்றே நான் கருதுகின்றேன்.

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை உணர்த்துகின்றது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற கருத்தை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிகின்றோம். பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்தது. அதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பித் தருமாறு பணித்தார்கள். இவற்றை நம் பிள்ளைகள் காதால் கேட்டிருக்கின்றனர். கையால் செய்து பார்த்திருக்கின்றனரா என்பதே கேள்வி.

செய்யும் முறை எளிது. முற்றிய தேங்காயின் கொட்டாங்கச்சியைச் சுரண்டிக் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே சம இடைவெளியில் மூன்று துளைகளும், மழைநீர் வடிய அடியில் ஒரு சிறு துளையும் இடுங்கள். துளையிடுவது வாப்பாவின் வேலை. கயிறு கோப்பதும் தானியம் நிரப்புவதும் பிள்ளையின் வேலை. முடிச்சு கோணலாக விழுந்தால் விழட்டும். தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். கயிறு சணலாகவோ பருத்தியாகவோ இருக்கட்டும். நைலான் நூல் பறவையின் காலைச் சுற்றி அறுத்துவிடும். பட்டம் விடும் மாஞ்சா நூலால் பறவைகளும் மனிதர்களும் மாண்ட துயரத்தை வடசென்னை நன்கு அறியும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஆம் ஆண்டு நாடெங்கும் தடை செய்தது. அந்தச் செய்தியையும் கயிறு கோக்கும் வேளையிலேயே பிள்ளையிடம் சொல்லுங்கள்.

கம்பு, தினை, நொய்யரிசி ஆகியவை போதும். மிஞ்சிய பிரியாணியையும் நோன்புக் கஞ்சியையும் காரச்சேவையும் அதில் இடவேண்டா. உப்பும் மசாலாவும் சிறு பறவைக்குத் தீங்கு செய்யும். நமக்கு வேண்டாததைக் கொட்டும் இடமன்று அது. பக்கத்தில் ஒரு மண் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீரும், அதன் நடுவே குருவி அமர ஒரு கல்லும் வையுங்கள். தட்டுகள் பூனைக்கு எட்டாத உயரத்தில், வேம்பு அல்லது முருங்கையின் நிழலில் இருப்பது நலம். தண்ணீரை அன்றாடம் மாற்றவேண்டும். தட்டை அடிக்கடி தேய்த்துக் கழுவவேண்டும். கழுவிய பின் கையையும் கழுவவேண்டும். அழுக்குத் தட்டு பறவைக்கு நோயையே பரிமாறும். அளவும் முக்கியம். புறாக்கள் பெருங்கூட்டமாகக் குவியும்படி தீனி கொட்டினால், அவற்றின் எச்சம் அண்டை வீட்டாரின் நுரையீரலுக்குக் கேடாக முடியும். மும்பையில் புறாக்களுக்குத் தீனியிடும் இடங்களை 2025 ஆம் ஆண்டு மூடும் நிலை வந்தது இதனாலேயே. தர்மமும் அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகிவிடலாகாது அன்றோ?

தட்டைத் தொங்கவிட்ட மறுநாளே குருவி வந்துவிடும் என்று எண்ணவேண்டா. சில நாட்கள் எதுவும் வராமல் போகலாம். ஏன் வரவில்லை என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியே பாடத்தின் நடுப்பகுதி. பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டு, மாலையில் வயிறு நிறைந்து திரும்புவதை நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உவமையாகக் கூறினார்கள். அவற்றுக்கு உணவளிப்பவன் இறைவன். நாம் அவன் திறந்துவைத்த வழிகளுள் ஒன்றாக இருக்க முயல்கின்றோம், அவ்வளவே. கொடுப்பவனுக்கு உண்டாகும் செருக்கு பிள்ளையின் உள்ளத்தில் முளைவிடும் முன்னரே, வராத குருவி அதைக் கிள்ளிவிடுகின்றது.

இங்கே இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். நம் வீடுகள் சிலவற்றில் கூண்டுக்கிளி உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சிறு குருவியோடு விளையாடியதும், அது இறந்தபின் நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவோடு அதைப் பற்றி விசாரித்ததும் நாம் அறிந்தவையே. துன்புறுத்தாமல் பறவை வளர்க்கலாம் என்று மார்க்க அறிஞர்கள் அதிலிருந்து அனுமதி கண்டனர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் அடைப்பதை 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கூண்டும் சோறு போடுகின்றது, கொட்டாங்கச்சியும் சோறு போடுகின்றது. பிள்ளை கற்பது மட்டும் வேறு. கூண்டின் முன் நிற்கும் பிள்ளை, ‘இது என்னுடையது’ என்கின்றது. கொட்டாங்கச்சியின் கீழ் நிற்கும் பிள்ளையோ, உண்டதும் பறந்துபோகும் ஒன்றுக்கு நாளையும் உணவு வைக்கின்றது. உரிமை கொண்டாடாமல் கொடுப்பதும், திருப்பி எதையும் எதிர்பாராமல் கொடுப்பதும்தானே தர்மத்தின் உயிர்?

குருவி ஒன்று பிள்ளையின் வாழ்வையே திருப்பிவிடக்கூடும். 1896 ஆம் ஆண்டு மும்பையில் பிறந்து, பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்த சிறுவர் சலீம் அலி, விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று தெரியவே, இது என்ன குருவி என்று மாமனிடம் கேட்டார். மாமன் அக்கேள்வியை உதறித் தள்ளாமல், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சிறுவரை அனுப்பிவைத்தார். இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்படும் பேரறிஞர் அந்தக் கேள்வியிலிருந்தே உருவானார். நம் பிள்ளையின் கேள்விக்கும் செவி கொடுக்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

நம் காலத்திலும் இப்பணி செய்வோர் உளர். நாசிக் நகரத்து முஹம்மது திலாவர் அவர்களின் முயற்சியால் 2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொள்ளப்படுகின்றது. சென்னையின் கூடுகள் அறக்கட்டளை, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே சிட்டுக்குருவிகளுக்கு மரக்கூடுகள் செய்விக்கின்றது. நான்கு ஆண்டுகளில் 10,000 கூடுகள் செய்யப்பட்டதாகப் பிரதமர் 2024 நவம்பரில் தம் வானொலி உரையில் பாராட்டினார். தானியம் மட்டும் குருவிக்குப் போதாது. கூடு கட்ட இடம் வேண்டும். குஞ்சுகளுக்கு ஊட்டப் புழுவும் பூச்சியும் வேண்டும். ஆதலால் மாடியில் இரண்டு தொட்டிச் செடிகளை வளர்த்து, அவற்றுக்குப் பூச்சிமருந்து தெளிக்காமல் விடுங்கள்.

மனிதருக்கே உணவில்லாதபோது பறவைக்குத் தீனியா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பறவைக்கு இடுவது ஏழைக்கு இடாமல் இருக்க ஒரு சாக்காகிவிடுமானால், அந்தத் தட்டைக் கழற்றிவிடுவதே மேல். ஆகவே கம்பு வாங்கும் நாளிலேயே, தேவையுள்ள அண்டை வீட்டுக்கு ஒரு படி அரிசியையும் அதே பிள்ளையின் கையால் கொடுத்தனுப்புங்கள். இரண்டும் ஒரே இரக்கத்தின் இரு கிளைகள் என்பது அதற்கு விளங்கிவிடும்.

பெற்றோர்களே, தொடங்குவது எளிது, தொடர்வதே அரிது. கோடையில் நம் தட்டை நாடிப் பழகிய பறவைக்கு அது ஓர் அமானிதம். வெளியூர் செல்லும்போது தண்ணீர் வைக்கும் பொறுப்பை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்லுங்கள். இந்த வாரம் ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், உடைத்த தேங்காயின் கொட்டாங்கச்சியை எறியாமல் எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

புகை படிந்த இவ்வானத்தின் கீழ் வளரும் நம் மக்களின் உள்ளங்களில் வல்ல இறைவன் இரக்கத்தைத் தழைக்கச் செய்வானாக! ஆமீன்.