பெரிய இயந்திரமும் பெரியவர்களின் முதுகும்

‘கல்முனையில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு ஸ்னோ புளோவரைப் பற்றி என்ன தெரியும், மாமா?’ என்று எனது மருமகன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடும் ஐஸ் என்று மட்டுமே ஐம்பது வருடங்களுக்கு மேலாக அறிந்திருந்தவன் நான். ஆனால், ஸ்காபரோவிலுள்ள மகள் வீட்டில் ஒரு பனிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற வகையில், புலம்பெயர்ந்த நம்மவர்கள் இந்த இயந்திரத்தைத் தெரிவு செய்யும் முறை முற்றிலும் தவறானது என்று பகிரங்கமாக எழுத வேண்டிய கடமை எனக்கு உண்டென்றே கருதுகின்றேன். விடயம் வெறும் இயந்திரம் பற்றியதன்று.

முதலில் அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். வீட்டு வாசலிலும் கார் நிறுத்தும் பாதையிலும் குவியும் பனியை வாரி ஒரு குழாய் வழியாகத் தூர எறியும் இயந்திரமே ஸ்னோ புளோவர். ‘பனி ஊதி’ என்று சிலர் தமிழ்ப்படுத்துகின்றனர். அது எதையும் ஊதுவதில்லை, வாரி எறிகின்றது. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் என்பவர் 1925இல் இதனை உருவாக்கி, 1927இல் மொன்றியலை அடுத்த உத்ரமோன் நகருக்கு முதலாவது இயந்திரத்தை விற்றார். கதிரடிக்கும் இயந்திரத்தைக் கண்டே அவருக்கு இந்த யோசனை தோன்றியதாகச் சொல்லப்படுகின்றது. அம்பாறை வயல்வெளிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அச்செய்தி ஒரு சொந்தத்தை உண்டாக்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் கொட்டிய பனி அரை மீற்றரைத் தாண்டியது. அந்த நாட்களில் ஒரு காலை, சுபஹுத் தொழுகையை முடித்துவிட்டு ஜன்னல் திரையை விலக்கினேன். எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், வயது எழுபதை நெருங்குபவர், சவளால் பனியை அள்ளிக்கொண்டிருந்தார். பத்துத் தடவை அள்ளுவார், சவளின் பிடியில் சாய்ந்து நிற்பார், மறுபடியும் அள்ளுவார். அவருடைய மகனின் கராஜில், ஆயிரத்துச் சொச்சம் டொலர் கொடுத்து வாங்கிய பெற்றோல் இயந்திரம் ஒன்று நின்றது. நான் போய், ‘ஏன் ஐயா, மிஷின் இருக்குத்தானே?’ என்று கேட்டேன். ‘அது எனக்கு ஸ்ரார்ட் வராது தம்பி. மகன் வேலைக்குப் போட்டார்’ என்றார்.

இரண்டு நாட்களின் பின்னர் அவ்வீட்டு வாசலில் அம்புலன்ஸ் நின்றது. அல்லாஹ்வின் கிருபையால் ஐயா பிழைத்துக்கொண்டார்.

இது தற்செயலானதா? கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பனிக்காலங்களின் மருத்துவமனைப் பதிவுகளையும் மரணப் பதிவுகளையும் ஆராய்ந்த ஆய்வொன்று 2017இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. 20 சென்ரிமீற்றர் பனி கொட்டிய மறுநாள், பனி கொட்டாத நாளோடு ஒப்பிடுகையில், ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு 16 சதவீதமும், மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் அதிகரித்திருந்தது. யார் சவள் பிடித்தார்கள் என்று அந்தப் பதிவுகள் சொல்வதில்லைதான். ஆயினும், பெண்களிடம் அத்தகைய அதிகரிப்புக் காணப்படவில்லை என்பதைக் கொண்டு நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

கணக்கொன்று போட்டுப் பாருங்கள். 5 மீற்றர் அகலமும் 10 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு டிரைவ்வேயில் 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அது 10 கன மீற்றர். புதிதாக விழுந்த இலேசான பனி ஒரு கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் ஆயிரம் கிலோ. 70 கிலோ நெல் மூட்டைகளாக எண்ணினால் 14 மூட்டைகளுக்கு மேல்! ஈரப்பனி என்றால் இதன் இரண்டு மூன்று மடங்கு. ஊரில் நமது வாப்பாவை ஒரு மூட்டை தூக்க விடுவோமா? அயலவர்கள் காறித் துப்பமாட்டார்களா? கனடாவில் மட்டும் அதே வாப்பா, அதே ஐயா, பேரப்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதற்காகப் பதினான்கு மூட்டை அள்ளுகின்றார். அதற்கு ‘நல்ல எக்ஸர்சைஸ்’ என்று பெயர் வேறு!

நமது வீடுகளில் பனி அகற்றுபவர் யார்? மகன் அதிகாலை ஐந்து மணிக்கே தொழிற்சாலைக்குப் போய்விடுகின்றார். மகள் இரவு வேலை முடிந்து வந்து உறங்குகின்றாள். எஞ்சியிருப்பவர்கள் ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட தாயும் தகப்பனுமே. ஆனால் இயந்திரம் வாங்கும் நாளில் அவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பதைவிட இரண்டு அங்குலம் அகலமானதா என்பதே கேள்வியாக இருக்கின்றது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் இதே கூத்தைக் கண்டவன் நான். கொடுப்பவர்கள் தாங்கள் கொடுக்க விரும்பியதைக் கொடுத்தார்கள். கடலுக்குப் போகாதவனுக்கும் படகு கிடைத்தது.

அந்தப் பெரிய பெற்றோல் இயந்திரத்தைப் பார்த்தால் நம் வயலில் ஓடும் லேண்ட் மாஸ்டர் நினைவுக்கு வரும். இரண்டு சக்கரம், நீண்ட கைபிடி, 80, 90 கிலோ எடை. தானாக நகரும் என்றாலும் வளைவிலும் சரிவிலும் பிடித்துத் திருப்புவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். கோடை முழுவதும் தாங்கியில் கிடந்த பெற்றோல் கெட்டு, காபுரேற்றரை அடைத்துவிடும். முதற்பனி விழும் நாளில்தான் அது தெரிய வரும். பனிக்காலம் முடிந்ததும் பெற்றோலை வடித்துவிட வேண்டும் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

மருமகனும் அத்தகைய ஒன்றைத்தான் வாங்க நினைத்தார். மின்சாரத்தில் இயங்கும் சிறியதை நான் காட்டியபோது, ‘இது சின்னப் பிள்ளைகள் விளையாடுற சாமான், மாமா’ என்று சிரித்தார். இல்லை என்பது எனது வாதம். ஏறத்தாழ 15 கிலோ எடை. ஒரு பொத்தானை அழுத்திப் பிடியை இழுத்தால் ஓடும். மகளின் மாமியாராலும் இயக்க முடியும். 20 சென்ரிமீற்றர் வரையான புதுப்பனியை அது தாராளமாக அள்ளும். அதற்கு மேல் கொட்டுகின்றதா? முழுவதும் கொட்டி முடியும்வரை காத்திராமல் நடுவில் ஒரு தடவை ஓட்டிவிட வேண்டியதுதான்.

வாங்கப் போகின்றவர்கள் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி மயங்கக் கூடாது. நமது ஊரில் 230 வோல்ட். கனடாவில் சாதாரணச் சுவர்ச் செருகியில் 120 வோல்ட், 15 அம்பியர். பெருக்கினால் 1800 வாற். கம்பி இணைப்பில் ஓடும் எந்தக் கம்பனி இயந்திரமும் அதற்கு மேல் இழுக்க முடியாது. ஆகவே இன்னொருவருடையதைவிட ‘இரு மடங்கு பலம்’ என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். காசைக் கம்பியில் போடுங்கள். வெளிப்புறத்துக்கென்றே செய்யப்பட்ட, குளிரில் விறைக்காத, தடித்த கம்பி வேண்டும். 100 அடி நீளமென்றால் 12 கேஜ். மெல்லிய கம்பி சூடேறும், மோட்டாரும் களைத்துவிடும்.

பற்றரி இயந்திரத்திலும் ஒரு சூது இருக்கின்றது. 80 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அம்பியர்-மணியையும் சேர்த்துப் பெருக்கினாலேயே உண்மை தெரியும். 80 வோல்ட் 2.5 அம்பியர்-மணியும், 40 வோல்ட் 5 அம்பியர்-மணியும் ஒன்றே. இரண்டும் 200 வாற்-மணி. ஆயிரம் வாற்றுக்கு மேல் இழுக்கும் வேலையில் அது பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்குக்கூடத் தாங்காது. இரண்டு பற்றரிகளாவது வாங்க வேண்டும். அவற்றைக் குளிர்ந்த கராஜில் விடாமல் வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் செய்யவும் வேண்டும்.

சிறிய இயந்திரம் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கிறவல் பாதை உள்ளவர்களுக்கு அது ஆகாது. அதன் துடுப்பு நிலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுவதால் கற்களை வாரி எறியும். பரி போன்ற, ஏரிக்காற்றால் பனி மலையாகக் குவியும் ஊர்களில் இருப்பவர்கள் பெரியதையே வாங்கட்டும். மாநகர சபையின் வாகனம் வீதியைச் சுத்தம் செய்துவிட்டு நமது வாசலில் தள்ளிவிட்டுப் போகும் இறுகிய வரம்பு இருக்கிறதே, அதன் முன்னால் சிறியது திணறத்தான் செய்யும். இறுகுவதற்கு முன்பே மெல்லிய துண்டுகளாக வெட்டி எடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அந்த வரம்பு விடயத்தில் மருமகன் சொன்னதே சரி என்று ஒரு நாள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்த வரம்பை இப்போது அவரே வேலையால் வந்து அகற்றுகின்றார்.

எந்த இயந்திரமானாலும் குழாய் அடைத்துக்கொண்டால் கையை உள்ளே விடாதீர்கள். நிறுத்திவிட்டோம் என்று நம்பிக் கை விட்டவர்கள்தான் விரல்களை இழக்கிறார்கள். நிறுத்திய பின்னும் உள்ளே முறுக்கேறி நிற்கும் சுழலி, அடைப்பு விலகியதும் ஒரு சுற்றுச் சுற்றும். செருகியைக் கழற்றுங்கள் அல்லது பற்றரியை எடுங்கள். பிறகு தடியால் குத்துங்கள்.

கடந்த வாரம் மகளோடு தொலைபேசியில் கதைத்தபோது எதிர்வீட்டு ஐயாவைப் பற்றி விசாரித்தேன். சுகமாக இருக்கின்றாராம். டொக்டர் சவளைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதனால் பனி கொட்டினால் இப்போது அவருடைய மனைவி அள்ளுகின்றாராம். பெரிய இயந்திரம் இன்னும் கராஜில்தான் நிற்கின்றது.