வன்தட்டின் எச்சரிக்கையைத் தட்டிக்கழிக்கலாமா?



பழைய மடிக்கணினியை முடுக்கும்போது, வன்தட்டில் சிக்கல் இருக்கிறது, உடனே கோப்புகளைப் படியெடுத்துக் கொள்ளுங்கள் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு திரையில் தோன்றுவதுண்டு. நம்மில் பலர் அதனை மூடிவிட்டு வேலையைத் தொடர்கின்றோம். மறுநாளும் தோன்றுகிறது, மறுநாளும் மூடுகின்றோம். நாளடைவில் அது கண்ணுக்குப் பழகிப் போகின்றது. இப்பழக்கம் யாருக்கும் நல்லதன்று. தமிழாசிரியர்களுக்கு அறவே ஆகாது என்பது என் கருத்து.

காரணம் உண்டு. 1816இல் பினாங்கில் தொடங்கிய இந்நாட்டுத் தமிழ்க்கல்வி இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக விரிந்திருந்தாலும், நமக்கான நூற்சந்தை சிறியது. மொழியணிப் பயிற்சிகள், கட்டுரைச் சட்டகங்கள், மீட்டுணர்தல் தாள்கள் ஆகியவற்றுள் கணிசமானவை ஆசிரியர்களே இரவில் கண்விழித்து ஆக்கியவை. அவற்றுக்கு அச்சுப்படி இல்லை, பதிப்பகம் இல்லை. ஒரே ஒரு மடிக்கணினியில் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து இடம்பெயர்ந்த பள்ளிகளின் பழைய நிழற்படங்களும் அப்படித்தான். அந்தத் தட்டு நின்றுபோனால் கடையில் வாங்கிக்கொள்ள வேறு படி கிடையாது.

எச்சரிக்கையின் பொருள் என்ன?

வன்தட்டுக்குள் காந்தப்பூச்சு கொண்ட வட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை அவற்றைத் தொடாமல், மயிரிழையினும் மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கின்றது. வட்டில் ஒரு பகுதி பழுதானால், தட்டு அதனை ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் மாற்றுப் பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளும். அவ்வாறு ஒதுக்கியவற்றை எண்ணியும் வைத்துக்கொள்ளும். 1990களின் நடுவிலிருந்து வன்தட்டுகளில் இடம்பெற்று வரும் 'ஸ்மார்ட்' என்னும் தற்கண்காணிப்பு முறை இத்தகைய எண்ணிக்கைகளைக் கவனிக்கின்றது. அவை வரம்பை மீறும்போதுதான் அறிவிப்பு வருகின்றது. ஆகவே இது மென்பொருளின் தொல்லையன்று; பொருளே தேய்ந்துவிட்டது என்னும் செய்தி.

கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். முதல் வருடல் பிழை தோன்றிய தட்டுகள், பிழையற்ற தட்டுகளைவிட அடுத்த 60 நாள்களில் பழுதடையும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அது கூறியது. அதே ஆய்வு இன்னோர் உண்மையையும் சொன்னது: பழுதான தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே பழுதாயின. எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும். வராவிட்டால் நிம்மதி கொள்ளக் கூடாது. எச்சரிக்கை பெற்றவர் ஒருவகையில் நற்பேறு பெற்றவர்.

முதலில் எதைச் செய்வது?

பழுதுநீக்கி மென்பொருளை ஓட்டுவது, கோப்புகளை ஒழுங்கு செய்வது, 'பார்மட்' செய்து பார்ப்பது ஆகியவையே பலருக்கும் முதலில் தோன்றுகின்றன. இவை அனைத்தும் தேய்ந்த தட்டை மணிக்கணக்கில் மேலும் உழைக்க வைப்பவை. மூச்சிரைக்கும் முதியவரை ஓடவிட்டுச் சோதிப்பதற்கு ஒப்பானது இது. சரியான வரிசை வேறு:

1. மற்ற வேலைகளை நிறுத்துங்கள். வேறொரு வெளிவட்டுக்கு முதலில் நீங்களே ஆக்கிய கோப்புகளையும் படங்களையும் படியெடுங்கள். மீண்டும் பெறக்கூடிய திரைப்படங்களும் மென்பொருள்களும் கடைசியில் வரட்டும்.

2. படியெடுத்த கோப்புகளில் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படியை நம்ப முடியாது.

3. 'டிக் டிக்' என்ற ஓசை கேட்டால் கணினியை உடனே அணைத்துவிடுங்கள். உள்ளிருப்பது விலைமதிப்பற்றது என்றால், தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுங்கள்.

4. பிறகு தட்டை மாற்றுங்கள். சுழலும் வட்டில்லாத எஸ்.எஸ்.டி. பொருத்தினால் பழைய மடிக்கணினியும் விரைவு பெறும். ஆனால் அதுவும் ஒருநாள் ஓசையின்றி நின்றுபோகக் கூடியதே.

5. பழைய தட்டில் மாணவர் பெயர்ப்பட்டியலும் அடையாள அட்டை எண்களும் இருக்கும். அதனை அப்படியே கடையில் விட்டு வராதீர்கள்.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றதால், பழைய மடிக்கணினிகள் பல எப்படியும் மாற்றப்படவிருக்கின்றன. கணினியை மாற்றும் நாள் வரும்வரை தட்டு காத்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

"எல்லாம் இணையத்தில் இருக்கிறதே!"

இவ்வாறு சொல்வோருக்கு இரண்டு நினைவூட்டல்கள். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. நம் பள்ளிகளில் பிராக் வி.எல்.இ. தளத்தைக் கொண்டுவந்த ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் 2019 ஜூனில் முடிவுற்றது. திட்டங்கள் வரும், போகும். பணிக்காக வழங்கப்பட்ட கணக்கு பணியோடு கட்டுண்டது. மேலும், தானியங்கி ஒத்திசைவு இருக்குமானால், கணினியில் தவறி அழித்த கோப்பு இணையத்திலும் அழியும். மேகச் சேமிப்பு நல்ல இரண்டாவது இடம். ஒரே இடமாக அது இருக்கலாகாது.

அதுபோல, வெளிவட்டை மடிக்கணினிப் பையிலேயே வைத்திருப்பதும் போதாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தை நம் குளுவாங் மாவட்டம் மறந்திருக்காது. 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களும் தவித்தன. வெள்ளம் மடிக்கணினியையும் அதன் அருகிலுள்ள வெளிவட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்று பீட்டர் குரோக் என்னும் நிழற்படக் கலைஞர் பரப்பிய விதி எளியது. சிம்பாங் ரெங்கத்தில் ஒரு படி, வெளியூரில் உள்ள உறவினர் வீட்டில் இன்னொரு படி என்றால் போதும். பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கு உரியது. காத்து வைப்பதற்கு உரியதன்று.

தமிழுக்கே உரிய சிக்கல்

நம் பழைய கோப்புகள் பல ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் உள்ளன. முரசு அஞ்சலின் பழைய எழுத்துருக்களிலும் திஸ்கியிலும் தட்டச்சு செய்த பாடத்தாள்கள், உரிய எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தெரியும். கோப்பு பிழைத்தும் தமிழ் பிழைக்காத நிலை இது. படியெடுக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது அறிவுடைமை, அச்சுவடிவிலான பி.டி.எப். படியொன்றும் உடன் இருக்கட்டும்.

ஓலைச்சுவடிக்கு ஆயுள் குறைவு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆகவே பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தனர். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, முகமறியா யாரோ தலைமுறைதோறும் எழுதி வைத்ததனால்தான். படியெடுக்கப்படாத நூல்களின் பெயர்கள் மட்டும் எஞ்சியுள்ளன.

பள்ளியின் கடமை

"என் சொந்தப் பணத்தில் நான் ஏன் வெளிவட்டு வாங்க வேண்டும்?" என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. பள்ளிக்காக ஆக்கிய பொருளைக் காப்பது தனியாள் சுமையாக இருக்கலாகாது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் இரண்டு வெளிவட்டுகளை வாங்கித் தரலாம். பள்ளியாண்டின் கடைசி வாரத்தில் ஒரு நாளைப் படியெடுப்பு நாளாக ஒதுக்கலாம். ஓர் ஆசிரியர் மாற்றலாகிச் செல்லும்போது வகுப்புச் சாவியை ஒப்படைப்பது போல, கோப்புகளின் ஒரு படியையும் ஒப்படைக்கும் வழக்கம் வேண்டும். உழைத்தவர் பெயர் கோப்பிலேயே இருக்கட்டும். அவர் உரிமை அவருடையதே. யாருடைய உழைப்பையும் எடுத்துக்கொள்ளும் வழியன்று இது. உழைப்பு வீணாகாமல் காக்கும் வழி.

இன்று மாலை உங்கள் மடிக்கணினி அந்த அறிவிப்பைக் காட்டினால், மூடிவிடாதீர்கள். காட்டாவிட்டாலும் ஒரு படி எடுத்து வையுங்கள்.