இருட்டைக் காட்டும் பெட்டி

நம் ஊருக்குச் சிக்கல் என்று பெயர். சிங்காரவேலர் கோயில் கொண்ட நாகப்பட்டினத்துச் சிக்கல் அல்ல; வாலிநோக்கத்து உப்பளங்களுக்குப் பக்கத்தில், வெயிலுக்கும் கருவேல மரத்துக்கும் மட்டும் பஞ்சமில்லாத ராமநாதபுரம் சீமைச் சிக்கல். பெயருக்கேற்ற சிக்கல் ஒன்றைச் சென்ற வாரம் அண்டை வீட்டு நண்பர் கொண்டுவந்தார். அவர் உப்பு வியாபாரி. மகளின் புதுக்குடித்தனத்துக்கு டெலிவிஷன் வாங்க உத்தேசம்.

"வாத்தியாரய்யா, ஒரு வருஷத்து மிச்சத்தைக் கொண்டுபோய்க் கடையிலே கொட்டப் போறேன். எது நல்ல படம் காட்டும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நேயர்களில் பலருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஆகையால் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம்.

2011-ம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதியை அவருக்கு ஞாபகமூட்டினோம். மும்பையில் இந்தியாவுக்கும் கடலுக்கு அக்கரையிலுள்ள இலங்கைக்கும் உலகக் கோப்பை இறுதிப் பந்தயம். அவர் வீட்டில் எல்.சி.டி. பெட்டி, நம் வீட்டில் பிளாஸ்மா. பிற்பகல் இரண்டரை மணிக்கு ஆட்டம் ஆரம்பமாயிற்று. வாசல் வழியே வெயில் கூடத்தில் பாய்ந்து கிடந்தது. நம் பெட்டியின் கண்ணாடியில் ஆட்டக்காரர்களைக் காட்டிலும் வாசல் வேப்பமரமே தெளிவாகத் தெரிந்தது! பாட்டியார் உட்பட அனைவரும் நண்பர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். ஜெயவர்த்தனே சதமடித்ததை அங்கேதான் கண்டோம்.

விளக்கு வைத்த பிறகு நிலைமை தலைகீழாயிற்று. அவர் பெட்டியில் மும்பையின் இரவு வானம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்தவர்களுக்கு நிறங்கள் மங்கின. விரைந்தோடும் பந்துக்கு வால் முளைத்தது. கூட்டம் மெல்ல நம் வீட்டுக்குத் திரும்பிற்று. தோனி கடைசிப் பந்தைக் கூட்டத்துக்குள் தூக்கியடித்தபோது, நம் கூடத்தில் நிற்க இடமில்லை.

காரணம் என்ன? பிளாஸ்மாத் திரை, நியான், ஸெனான் வாயுக்கள் அடைத்த இலட்சக்கணக்கான நுண்ணிய அறைகளால் ஆனது. மின்சாரம் பாய்ந்தால் புற ஊதாக் கதிர் பிறந்து, அறையில் பூசிய பொடியை ஒளிரச் செய்யும். நம் வீட்டுக் குழல் விளக்கின் தத்துவமேதான். ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அடங்குவதால் கறுப்பு கறுப்பாக இருக்கும். எல்.சி.டி.யிலோ பின்னால் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கிறது. முன்னேயுள்ள திரவப் படிகங்கள் ஜன்னல் கதவுபோல் அதை மறைக்கின்றன. எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கில் கொஞ்சம் கசியத்தானே செய்யும்?

பிளாஸ்மாவுக்குக் குறையில்லாமலில்லை. மின்சாரத்தை அதிகம் குடிக்கும், சூடேறும். ஒரே சானலை ஓயாமல் வைத்ததில் அதன் முத்திரை நம் பெட்டியின் மூலையில் பேய்போல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில் பிட்ஸர், ஸ்லாட்டோ, வில்ஸன் என்ற மூவர் பிளாஸ்மாத் திரையைக் கண்டுபிடித்தது, கம்ப்யூட்டர் மூலம் பாடம் கற்பிப்பதற்காக! உபாத்தியாயரான நமக்கு அதன்மேல் தனி அபிமானம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் பானஸானிக் 2013 இறுதியில் அதன் உற்பத்தியை நிறுத்திற்று. மறுவருஷமே ஸாம்ஸங்கும் எல்.ஜி.யும் கைவிட்டன. விலையும் மின்செலவும் ஒருபுறம். பளீரென்ற கடை வெளிச்சத்தில் அது மங்கலாகத் தோன்றியது மற்றொருபுறம். தன் ஒளியைத் தானே உமிழும் அந்தக் குணம் இப்போது ஓ.எல்.இ.டி. என்ற விலையுயர்ந்த பெட்டியில் மறுபிறவி எடுத்திருக்கிறது. "எல்.இ.டி. டி.வி." என்று விற்பதில் பெரும்பாலானவை, பின்விளக்கு மாறிய பழைய எல்.சி.டி.யேயாகும்.

ஆகவே நண்பருக்கு நாம் கூறிய யோசனை இதுதான்: மகள் வீட்டுக் கூடத்தில் பகல் வெளிச்சம் அதிகமானால் சாதாரண எல்.இ.டி. பெட்டியே போதும். கடையில் பூந்தோட்டத்தைக் காட்டினால் மயங்கவேண்டாம். இராக்காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் தள்ளி நின்று பாருங்கள். ஓடுகிற பந்தைப் பாருங்கள். முடிந்தால் கடை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.

"விளக்கை அணைக்கச் சொன்னா, கடைக்காரன் என்னைத் திருடன்னு நினைப்பானே!" என்றார்.

நினைத்தால் நினைக்கட்டும். வெளிச்சத்தில் எல்லாப் பெட்டியும் அழகுதான். இருட்டை இருட்டாகக் காட்டும் பெட்டிக்கே ஒரு வருஷத்து உப்பின் விலையைக் கொடுக்கலாம்.